அடைப்புக்குறிக்குள் ஒரு 'பொ'

என் மேஜை மேல் ஒரு பெயர்ப் பலகை இருக்கிறது. என் பெயர், அதற்குக் கீழே 'கண்காணிப்பாளர்', அதை ஒட்டி அடைப்புக்குறிக்குள் 'பொ'. அரசாங்க ஆபீஸ் படி ஏறினவர்களுக்குத் தெரியும், 'பொறுப்பு' என்பதன் சுருக்கம் அது. அந்த நாற்காலிக்கு உரியவர் இடுப்பு வலி என்று லீவில் போனார். போனவர் அப்படியே விருப்ப ஓய்வும் வாங்கிக்கொண்டார். மூன்று வருஷமாக அவர் வேலையை நான் பார்க்கிறேன், என் சம்பளத்தில். அந்த எழுத்துக்கு என் மனைவி 'பொழப்பு' என்று விரிவுரை சொல்வாள். பக்கத்து சீட் நண்பர் 'பொய்' என்பார்.

இந்த 'பொ'வைப் பற்றி நான் புலம்புவதை நிறுத்தியது சமீபத்தில்தான். காரணம் மூன்று முட்டிகள். ஒன்று அமெரிக்காவில், ஒன்று சேலம் பக்கத்தில், ஒன்று ஆரணியில் என் அக்கா வீட்டில்.

அக்கா வீட்டு முன்கட்டில் குழித்தறி. அக்கா வீட்டுக்காரர் பரம்பரைப் பட்டு நெசவுக்காரர். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2008-ல். அதற்கு முன்பும் அவர் குழியில்தான் உட்கார்ந்திருந்தார், பிறகும் குழியில்தான். பையனுக்கு வயசு இருபத்தொன்று. பி.காம். படித்தவன், இடது கைப் பந்து வீச்சாளன், மற்ற நேரத்தில் வேலை தேடுகிறவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது செல்போனில் கண் எடுக்காமல் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். இரும்புத் தொப்பி போட்ட இருபத்திரண்டு பேர் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள்.

"இன்னாடா இது, ரேஷன் கடை கியூவா?"

"அமெரிக்கன் ஃபுட்பால் மாமா."

"ஃபுட்பால்ங்கற. எவனும் காலால உதைக்கக் காணமே?"

"அப்பப்ப உதைப்பாங்க மாமா. மத்த நேரமெல்லாம் கையிலதான்."

பந்து உரிக்காத தேங்காய் மாதிரி இருந்தது. பத்து கஜம் முன்னேற நாலு வாய்ப்பு. முன்னேறினால் மறுபடி நாலு, இல்லாவிட்டால் பந்து எதிராளிக்கு. பட்டு விற்கிற ஊர்க்காரன் என்பதால் கஜக் கணக்கு உடனே புரிந்துவிட்டது. இதில் முக்கியமான ஆளுக்கு குவார்ட்டர்பேக் என்று பேர். பேரைக் கேட்டு வேறு மாதிரி நினைக்காதீர்கள். ஆட்டத்தின் மூளையே அவர்தான். எந்தப் பக்கம் யார் ஓட வேண்டும், பந்து யார் கைக்குப் போக வேண்டும் என்று இரண்டு மூன்று விநாடியில் முடிவெடுத்துத் தேங்காயை எறிய வேண்டும். அதற்குள் நூற்றைம்பது கிலோ ஆசாமி ஒருத்தர் இவரைத் தரையோடு தரையாகத் தேய்க்க ஓடி வருவார். மாசக் கடைசியில் மேலதிகாரியிடமிருந்து போன் வரும்போது எனக்கும் இதே அனுபவம்தான்.

"இதுல கர்ட் வார்னர்னு ஒருத்தர் இருந்தாரு மாமா. அவர் கதை தெரியுமா?" என்று ஆரம்பித்தான்.

வார்னர் ஐயோவா மாநிலத்துக்காரர். காலேஜ் டீமில் கடைசி வருஷம்தான் ஆடவே விட்டார்கள். 1994-ல் தொழில்முறை அணிகள் ஆள் எடுத்தபோது ஒருத்தரும் இவரைச் சீண்டவில்லை. ஒரு அணி பயிற்சிக்குக் கூப்பிட்டு, சீசன் தொடங்கும் முன்பே வீட்டுக்கு அனுப்பியது. பிழைப்புக்கு ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ராத்திரி ஷிஃப்ட், அலமாரியில் சாமான் அடுக்கும் வேலை. மணிக்கு ஐந்தரை டாலர். பிறகு கூரைக்குள் ஆடுகிற குட்டி லீக்கில் மூன்று வருஷம், ஐரோப்பாவில் ஆம்ஸ்டர்டாம் அணிக்கு ஒரு சீசன். கடைசியில் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியில் மாற்று ஆட்டக்காரர். அதாவது குவார்ட்டர்பேக் (பொ) கூட இல்லை, அதற்கும் காத்திருக்கிறவர்.

1999-ம் வருஷம் சீசனுக்கு முந்தைய ஒரு ஆட்டத்தில், ராம்ஸ் பெரிதாக நம்பியிருந்த டிரென்ட் கிரீனின் முட்டி போயிற்று. பயிற்சியாளர் டிக் வெர்மில் கண்ணீர் விட்டார். வேறு வழியில்லாமல் வார்னரை இறக்கினார்கள். அந்த சீசனில் அவர் எறிந்ததில் 41 டச்டவுன். லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது. 2000 ஜனவரி 30-ந் தேதி சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்தில் 23-16 என்று ஜெயித்து, அதிலும் சிறந்த ஆட்டக்காரர். அலமாரி அடுக்கியவருக்கு வயசு அப்போது இருபத்தெட்டு.

(இந்த வார்னர் நம் பக்கமும் ஒரு கண் வைத்தவர்தான். இந்தியாவில் அமெரிக்கன் ஃபுட்பால் லீக் என்று 2011-ல் அறிவித்தபோது அதற்கு ஆதரவு கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். 2012-ல் எட்டு அணிகளோடு ஒரு சீசன் நடந்தது. சென்னைக்குக்கூட 'ஸ்வார்ம்' என்று ஒரு அணி. மெரீனாவில் கடலை விற்கிறவருக்குக்கூட அது தெரியாமலே போய்விட்டது.)

தறியிலிருந்து குரல் வந்தது. "அமெரிக்காக்காரன் கதையெல்லாம் வேணாம். நம்மூரு ஆளு எவனாவது இருந்தா சொல்லச் சொல்லு மச்சான்."

"ஏம்பா, நடராஜன் இல்லையா?" என்றான் பையன்.

கையிலிருந்த நாடா நின்றது. தங்கராசு நடராஜனைப் பற்றி எங்கள் தெருவில் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. சேலம் பக்கம் சின்னப்பம்பட்டி. அப்பா தறிக் கூடத்தில் கூலி, அம்மா ரோட்டோரம் கோழி வறுத்து விற்றவர். இருபது வயசு வரைக்கும் டென்னிஸ் பந்துதான். ஊர்க்காரர் ஜெயப்பிரகாஷ்தான் சென்னைக்கு அனுப்பி வைத்தார். அந்த நன்றிக்கு நடராஜன் சட்டையில் 'ஜே.பி. நட்டு' என்று போட்டு ஆடியதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள்.

2015 ஜனவரியில் ரஞ்சி அறிமுகம். முதல் ஆட்டத்திலேயே பந்து வீசும் விதம் சந்தேகம் என்று சொல்லிவிட்டார்கள். கையைத் திரும்ப முதலிலிருந்து பழக்கினார். 2017-ல் பஞ்சாப் அணி மூன்று கோடிக்கு எடுத்தது. ஆறு ஆட்டம், இரண்டு விக்கெட். அடுத்த வருஷம் விலை நாற்பது லட்சமாக இறங்கியது. ஐதராபாத் அணியில் 2018, 2019 இரண்டு வருஷமும் ஒரு ஆட்டம்கூடத் தரவில்லை, பெஞ்சுதான். 2020-ல் வாய்ப்பு வந்தது. யார்க்கர் யார்க்கராகப் போட்டு பதினாறு விக்கெட். டிவில்லியர்ஸின் ஸ்டம்பு பறந்ததும் அந்த வருஷம்தான்.

அதற்காக ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துப் போனார்கள், ஆட அல்ல. வலையில் பந்து போட. மற்றவர்கள் பேட்டிங் பழக இவர் போட்டுக் கொடுக்க வேண்டும். நம் பாஷையில் தினக்கூலி. அங்கே நடந்ததைப் பாருங்கள். வருண் சக்ரவர்த்திக்குத் தோள்பட்டை, இவர் டி-20 அணிக்குள் வந்தார். நவ்தீப் சைனிக்கு முதுகு, ஒருநாள் அணிக்குள் வந்தார். உமேஷ் யாதவுக்குக் கெண்டைக்கால், டெஸ்ட் அணிக்குள் வந்தார். பும்ராவுக்கு வயிற்றுத் தசை, 2021 ஜனவரி 15-ந் தேதி பிரிஸ்பேனில் டெஸ்ட்டே ஆடினார். முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர். 1988-க்குப் பிறகு அந்த மைதானத்தில் டெஸ்ட் தோற்காத ஆஸ்திரேலியா தோற்றது. கோப்பையைக் கேப்டன் ரஹானே இவர் கையில் கொடுத்தார். ஊரில் ரதத்தில் உட்கார வைத்து ஊர்வலம்.

எல்லாம் கேட்டுவிட்டு அக்கா வீட்டுக்காரர் சொன்னார். "அப்ப, எவன் காலு எப்ப உடையும்னு பாத்துக்கினு உக்காந்திருக்கணும்ங்கறான் உன் மருமவன்."

பையனுக்கு முகம் சுண்டிவிட்டது. நான் தலையிட்டேன். "அது இல்ல மாமா. காலு உடையறது அவங்க கையில இல்ல. உடையற அன்னிக்கு யார்க்கர் விழணும், அதுதான் இவங்க கையில இருந்துச்சு."

சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கதையின் மிச்சத்தை நான் சொல்லவில்லை. மற்றவர்கள் காயத்தால் உள்ளே வந்த நடராஜன், தன் காயத்தால் வெளியே போனார். 2021 மார்ச் 28-ந் தேதி புனேயில் கடைசி ஓவர், இங்கிலாந்துக்குப் பதினான்கு ரன் வேண்டும், எதிரே 90-ஐத் தாண்டிய சாம் கரன். விடாமல் காப்பாற்றிக் கொடுத்தார். அடுத்த மாசம் முட்டியில் ஆபரேஷன். 2020 டிசம்பர் 2-ல் தொடங்கிய சர்வதேச ஆட்டம் அந்தப் புனே ஆட்டத்தோடு நின்றது. ஒரு டெஸ்ட், இரண்டு ஒருநாள், நான்கு டி-20. நாலு மாசம்கூட முழுசாக இல்லை. வார்னருக்கும் இதே கதிதான். கை எலும்பு உடைந்து இடம் போயிற்று. 2004-ல் நியூயார்க்கில் பாதி சீசனில் உட்கார வைத்துவிட்டுப் புதுப் பையனை இறக்கினார்கள்.

ஆனால் இரண்டு பேரும் வீட்டுக்குப் போய்விடவில்லை. வார்னர் அரிசோனா அணியை 2009-ல் மறுபடி சூப்பர் பௌல் வரை கொண்டுபோனார். நடராஜன் 2024 ஐ.பி.எல்.லில் பத்தொன்பது விக்கெட் எடுத்தார். அதற்கு முந்தைய வருஷமே சின்னப்பம்பட்டியில் தன் பேரில் ஒரு மைதானம் கட்டித் திறந்துவிட்டார்.

இப்போது மூன்றாவது முட்டி.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பின் வந்த புதன்கிழமை, குழியிலிருந்து எழுந்தபோது அக்கா வீட்டுக்காரரின் வலது முட்டியில் 'டக்'கென்று ஒரு சத்தம். வேலூரில் காட்டினோம். ஆறு வாரம் மிதி மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தறியில் பாதிப் புடவை நிற்கிறது. கல்யாண ஆர்டர். வர்ற வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். அதே புதன்கிழமை சாயங்காலம் பையனுக்குப் போன். சென்னையில் ஒரு கிளப், திங்கள் முதல் ஐந்து நாள் வலையில் பந்து போட வரச் சொல்கிறார்கள்.

"நான் போகல மாமா," என்றான். "தறியில உக்காந்துடறேன்."

காயத்தால் வருகிற வாய்ப்பு என்று வாய் கிழியப் பேசியவன் நான். இது இப்படியும் வரும் என்று தோன்றவே இல்லை. வேறொருத்தர் முட்டி இவனுக்கு ஒரு இடத்தைக் கொடுத்திருக்கிறது. இவன் கேட்ட இடம் அதுவல்ல.

எனக்கு வீரம் வந்துவிட்டது. "நீ போடா, நான் நெய்யறேன்," என்றேன். நானும் தறிக்காரன் மகன்தான். இருபத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்தால் கை மறந்துவிடுமா என்ன? இரண்டு நாள் கேஷுவல் லீவு போட்டுக் குழியில் இறங்கினேன். மறந்துவிட்டது. அரை மணியில் ஒன்பது இழை அறுந்தது. ஜரிகை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கட்டிலிலிருந்து அக்கா வீட்டுக்காரர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார், வலியால் அல்ல.

ஓரமாக உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்த அக்கா எழுந்து வந்தாள்.

"ஏந்திரு."

"யாருக்கா நெய்யறது?"

"நான்தான்."

முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து முடிச்சுப் போட்டாள். கயிற்றை இழுத்தாள், நாடா ஓடியது. பத்து நிமிஷத்தில் சத்தம் சீராகிவிட்டது. அப்போதுதான் எனக்கே ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுத் தறியில் என்னைவிட நன்றாக நெய்தவள் அவள்தான். நான் படிக்கப் போனபோது என் இடத்தில் உட்கார்ந்ததும் அவள்தான். பிறகு இந்த வீட்டுக்கு வந்து இருபத்து மூன்று வருஷமாகத் தார் சுற்றுகிறாள்.

"ஏங்க்கா, இத்தினி வருஷமா சொல்லவே இல்ல?"

"யாரு கேட்டீங்க?" என்றாள், நாடாவை நிறுத்தாமல்.

அக்கா வீட்டுக்காரர் விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பையன் சென்னைக்குப் போனான். ஐந்து நாளும் போட்டான். "சொல்லி அனுப்பறோம்" என்று சொன்னார்களாம். இன்னும் சொல்லி அனுப்பவில்லை. சாயங்காலத்தில் கமண்டல நாகநதி மணலில் ஒற்றை ஸ்டம்பு நட்டு யார்க்கர் போட்டுக்கொண்டிருக்கிறான். பகலில் வேலைக்கு மனு போடுகிறான்.

புடவை வியாழக்கிழமை ராத்திரியே முடிந்துவிட்டது. மறுநாள் காலையில் முதலாளி வந்து விரித்துப் பார்த்தார், கரையைத் தடவினார், கூலியை எண்ணி வைத்தார். நோட்டை எடுத்து வழக்கம்போல் அக்கா வீட்டுக்காரர் பேரை எழுதப்போனார்.

"இது நான் நெய்ததுங்க," என்றாள் அக்கா.

முதலாளி நிமிர்ந்து கட்டிலைப் பார்த்தார். கட்டிலில் இருந்தவர், "ஆமாங்க, அவதான். அவ பேரே எழுதிடுங்க," என்றார்.

எழுதினார். எட்டிப் பார்த்தேன். பக்கத்தில் அடைப்புக்குறி எதுவும் போடவில்லை.