சும்மா கிடக்கிற இடம்

போன வாரம் காலை நடையை முடித்துவிட்டு, துறையூர் பேருந்து நிலையம் பக்கம் வழக்கமான கடையில் டீ குடிக்க உட்கார்ந்தோம். எங்கள் ஓய்வூதியர் கோஷ்டியில் ஒருவர் ஒரு பள்ளிக்கூடத்தைச் சொல்லி, "அந்த கிரவுண்டு சும்மாதானே கிடக்கு சார்? ரோட்டை ஒட்டி இருக்கு. இருபது கடை கட்டி வாடகைக்கு விட்டா பள்ளிக்கூடத்துக்கும் வருமானம், ஊருக்கும் வசதி" என்றார். நாலு பேர் தலையாட்டினார்கள். நான் சண்டைக்குப் போனேன். டீ ஆறிப்போனது, நான் ஆறவில்லை. வீட்டுக்கு வந்து மாத்திரை போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன்.

என் கோபம் அவர் மேல் இல்லை, "சும்மா கிடக்கு" என்ற அந்த இரண்டு சொற்களின் மேல். ஏனென்றால் அதே சொற்களை, அரசாங்கத் தமிழில், முத்திரை குத்தி எழுதியவன் நான். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஒரு மைதானத்தில் நான் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2018 டிசம்பரில் மகள் வீட்டுக்கு ஆஸ்திரேலியா போயிருந்தோம். மெல்போர்ன் நகரத்துக்கு மேற்கே வெஸ்ட் ஃபுட்ஸ்க்ரே என்ற இடம். பார்க்லி தெருவில் நடந்தால் தோசைக் கடையும் மளிகைக் கடையுமாக நம்மவர்கள்தான். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள். பேரனுக்குக் கோடை விடுமுறை. அங்கே டிசம்பரில்தான் கோடை. ஒருநாள் காலை, "தாத்தா, புல்டாக்ஸ் டிரெயினிங் பார்க்கலாம் வா, காசு கிடையாது" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். விட்டன் ஓவல் என்ற மைதானம். வாசலில் டெட் விட்டன் என்ற பழைய ஆட்டக்காரருக்குச் சிலை. 1995 முதல் மைதானத்துக்கும் அவர் பெயர்தான்.

ஆட்டம் ஆஸ்திரேலிய ஃபுட்பால். நம் கால்பந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மெல்போர்னில் 1859இல் விதி எழுதிய ஆட்டம். பந்து உரிக்காத தேங்காய் மாதிரி இருக்கும். மைதானமும் முட்டை வடிவம். ஒரு பக்கத்துக்குப் பதினெட்டு பேர். இரண்டு கோடியிலும் நாலு நாலு கம்பம். நடுவில் உதைத்தால் ஆறு புள்ளி, ஓரத்தில் போனால் ஒன்று. பந்தைக் கையால் எறியக் கூடாது, ஒரு கையில் ஏந்தி மறு கை முஷ்டியால் குத்தித்தான் தள்ள வேண்டும். போட்டிகள் மார்ச்சில் தொடங்கி செப்டம்பர் கடைசியில் இறுதி ஆட்டத்தோடு முடியும். நான் போனது டிசம்பர். அதாவது ஒரு போட்டியும் இல்லாத காலம். ஜெயிப்பும் தோற்பும் இல்லாத வெறும் பயிற்சி.

அங்கே என்ன நடந்தது என்று கேட்டால், சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. பையன்கள் நாலைந்து பேராக வளையமாக நின்று பந்தை முஷ்டியால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். வலது கை, பிறகு இடது கை. அரை மணி நேரம் அதேதான். பிறகு ஜோடி ஜோடியாக உதைத்தார்கள். ஒருவன் உதைத்தது ஐந்து முறை கோணலாகப் போனது. பயிற்சியாளர் திட்டவில்லை, ஆறாவது முறையும் அதையே செய்யச் சொன்னார். அடிபட்டவர்கள் மூன்று பேர் தனியாக எல்லைக் கோட்டை ஒட்டி நடந்துகொண்டேயிருந்தார்கள். கடைசியில் எல்லோரும் ஓடினார்கள். முடித்தவர்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார்கள். பனியன் முதுகில் சின்ன டப்பா மாதிரி ஒரு கருவி; எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்று கணக்கெடுக்கவாம்.

எனக்குச் சலிப்பு தட்டியது. சுற்றிப் பார்த்தேன். வேலிக்கு வெளியே ஐம்பது அறுபது பேர். பாதிக்குப் பாதி என் வயதுக்காரர்கள். மடக்கு நாற்காலி, ஃபிளாஸ்க், தொப்பி. பக்கத்தில் ஒரு கிழவியம்மா. நான்தான் பேச்சுக் கொடுத்தேன். "இன்றைக்குப் போட்டி ஒன்றும் இல்லையே, என்ன பார்க்கிறீர்கள்?" என்றேன். அவர் மைதானத்தைக் காட்டி, அதோ அந்தப் பையனுக்குப் பதினெட்டு வயது, போன மாதம்தான் சேர்த்தார்கள், அவனுக்கு இடது கால் சரியில்லை, மார்ச்சுக்குள் வந்துவிடும் என்றார். சொந்தப் பேரனைப் பற்றிச் சொல்வது மாதிரி சொன்னார்.

பிறகு அவரே 1989 கதையைச் சொன்னார். அது அந்த ஊரில் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஃபுட்ஸ்க்ரே தொழிற்சாலைப் பகுதி, கூலிக்காரர் ஊர். அணி கடனில் மூழ்கிக் கிடந்தது. அக்டோபரில் லீக் நிர்வாகம், இந்த அணியை ஃபிட்ஸ்ராய் என்ற இன்னொரு அணியோடு இணைத்துவிடுவதாக அறிவித்தது. ஐரீன் சாட்ஃபீல்ட் என்ற ஒரு ரசிகை நீதிமன்றத்துக்குப் போனார். பீட்டர் கார்டன் என்ற வழக்கறிஞர் முன்னால் நின்றார். சில வாரம் அவகாசம் கிடைத்தது. ஊர் முழுக்கத் தகர உண்டியல் குலுக்கிப் பத்து லட்சம் டாலருக்கு மேல் சேர்த்தார்கள். அணி பிழைத்தது. "நானும் வாளி பிடித்துத் தெருவில் நின்றேன்" என்றார் அந்த அம்மா. 1954இல் கோப்பை வாங்கிய அணி மறுபடி வாங்கியது 2016இல். அறுபத்திரண்டு வருஷம். அத்தனை வருஷமும் இந்த மாதிரி சலிப்பூட்டும் காலைகளில் வந்து உட்கார்ந்தவர்கள் இருந்தார்கள்.

இன்னொரு சங்கதி. அந்த மைதானத்தில் 1997க்குப் பிறகு ஆண்கள் லீக் போட்டி நடப்பதில்லை. அதெல்லாம் நகரத்தில் பெரிய அரங்கத்துக்குப் போய்விட்டது. அப்புறம் இருபது வருஷம் கழித்துத்தான் பெண்கள் லீக் ஆரம்பித்து அங்கே விளையாடினார்கள். நம் கணக்குப்படி பார்த்தால் இருபது வருஷம் அந்த இடம் "சும்மா" கிடந்திருக்கிறது. பக்கத்திலேயே ரயில் நிலையம். மனை என்ன விலை போகும் என்று மருமகனைக் கேட்டேன், சிரித்தார். அங்கேயும் கட்டடம் கட்டியிருக்கிறார்கள், குழந்தைகள் காப்பகம்கூட இருக்கிறது. ஆனால் எல்லாம் ஓரத்தில். நடுவில் புல் அப்படியே இருக்கிறது. பயிற்சிதான் அந்த நிலத்தின் வேலை. அந்த வேலை நடக்கிறதா என்று பார்க்க ஊரே வந்து உட்காருகிறது.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிறகுதான் மாமா வீட்டோடு துறையூர் வந்து, தட்டச்சு பாஸ் செய்து, அரசு உத்தியோகம். பிரெஞ்சில் இரண்டு சொல் உண்டு. தெரேன் வாக் என்றால் யாருக்கும் வேண்டாமல் புதர் மண்டிக் கிடக்கும் காலி மனை. தெரேன் தெ ழெ என்றால் விளையாட்டுத் திடல். ஆறாவது படிக்கும்போது கட்டுரையில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எழுதிவிட்டேன். வாத்தியார் பெஞ்சு மேல் நிற்க வைத்தார். நாங்கள் பல்லோன் பிரிசோனியே ஆடும் இடத்தை ஜன்னல் வழியாகக் காட்டி, "அது காலியாகவா இருக்கிறது?" என்றார். பள்ளி நேரம், வெளியே ஒரு குஞ்சும் இல்லை. "ஆமாம்" என்றேன். இன்னும் கால் மணி நேரம் நிற்க வைத்தார்.

அந்தப் பாடம் எனக்கு ஏறவில்லை. உதவியாளராக இருந்தபோது, இந்த மாவட்டத்தில் ஒரு ஊர்ப் பள்ளிக்கு வகுப்பறைக் கட்டடம் கட்டும் கோப்பு என் மேசைக்கு வந்தது. எந்த ஊர், எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் அப்போது எல்லா ஊரிலும் இதே கதைதான். இடத் தேர்வுக் குறிப்பு நான் எழுத வேண்டும். "பள்ளி வளாகத்தின் மேற்கே காலியிடம் உள்ளது. கட்டடம் கட்டப் போதுமானது. ஆணைக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது." மூன்று வாக்கியம். இருக்கிற கட்டடத்தின் மேலேயே ஒரு மாடி எழுப்பலாம் என்று பொறியாளர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். ஆனால் அதற்குத் தனியாகக் கடிதப் போக்குவரத்து வேண்டும், நாள் ஆகும். மேற்கே காட்டிவிட்டால் கோப்பு நகர்ந்துவிடும்.

குறிப்பு மேலே போவதற்கு முன் அந்தப் பள்ளியின் டிரில் மாஸ்டர் பஸ் பிடித்து வந்தார். கழுத்தில் விசில் அப்படியே தொங்கியது. "சார், காலியிடம்னு மட்டும் எழுதாதீங்க. சாயங்காலம் வந்து பாருங்க, நாப்பது புள்ளைங்க கபடியும் கோகோவும் ஆடுது. விளையாட்டுத் திடல்னு எழுதுங்க, போதும்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பதிவேட்டில் திடல் என்று தனியாக இல்லையே சார். இருக்கிறதைத்தானே எழுத முடியும்?" சட்டப்படி சரியான பதில். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். தல ஆய்வுக்கு நான் போனது பகல் பதினொரு மணிக்கு. பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரம். இடம் காலியாகத்தான் இருந்தது.

கட்டடம் வந்தது. மிச்ச இடத்தில் சைக்கிள் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி, பிறகு வாத்தியார்களின் வண்டிகள். ஓய்வுபெற்ற பிறகு ஒரு கல்யாணத்துக்கு அந்த ஊர் போனபோது எட்டிப் பார்த்தேன். ஓட ஐம்பதடி நேர்கோடு கிடையாது. விட்டன் ஓவல் வேலி ஓரம் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்த விசில்தான் ஞாபகம் வந்தது.

நம் தரப்பில் சொல்லும் சமாதானங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். நானே சொன்னவைதானே.

"அது பணக்கார நாடு சார்." சரி. ஆனால் அந்த அணி 1989இல் கடனில் இருந்த அணி, காப்பாற்றியவர்கள் கூலிக்காரர்கள். நம் கபடிக்குப் புல்கூட வேண்டாம், பதப்பட்ட மண் போதும். மண்ணுக்கும் பணத்துக்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

"படிப்பு கெட்டுப்போகும்." பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொண்டு திருப்பித் தராத பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் நூற்றுக்கு நூறா வாங்கிவிட்டார்கள்? நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு மணி நேரத்தையும் டியூஷனுக்குக் கொடு என்று சொன்னவர்கள் நாம்தான். இப்போது நாற்பது வயதில் அவர்கள் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கும்போது பரம்பரை என்கிறோம்.

"திறமை இருந்தால் எப்படியும் மேலே வருவான்." டோக்கியோ ஒலிம்பிக்கில் தொடர் ஓட்டத்துக்கு நம் திருச்சி மாவட்டத்திலிருந்து ஆரோக்கிய ராஜீவ், சுபா வெங்கடேசன், தனலட்சுமி சேகர் மூன்று பேர் தேர்வானபோது நாமும் பெருமைப்பட்டோம், வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினோம். அவர்கள் விடியற்காலையில் ஓடிப் பழகிய மண் எது, அதில் யார் தண்ணீர் தெளித்தார்கள் என்று நம்மில் ஒருவராவது போய்ப் பார்த்தோமா? மெடல் கழுத்தில் விழும் நிமிஷத்துக்கு மட்டும் நாம் சொந்தக்காரர்கள்.

"சட்டத்தில் இடம் இருக்கிறதா?" கிளார்க்கிடம் கேட்கிறீர்கள், சொல்கிறேன். 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், பள்ளியில் இருக்க வேண்டியவற்றில் விளையாட்டு மைதானமும் உண்டு. ஹரியானாவில் ஒரு கிராமத்துப் பள்ளி நிலத்தை ஆக்கிரமித்தவர்களுக்கு அதை விலைக்கே கொடுத்துவிடலாம் என்ற மாதிரி உத்தரவு வந்தபோது, 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மைதானம் இல்லாமல் பள்ளி இருக்க முடியாது என்று சொன்னது. சட்டம் சரியாகத்தான் இருக்கிறது. அதை எழுதும் கைகளும், பார்த்துக்கொண்டு தலையாட்டும் தலைகளும்தான் சரியில்லை.

அதனால் என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். மனு எழுதுவது நமக்குக் கைவந்த கலை. உங்கள் ஊர்ப் பள்ளித் திடலின் புல எண்ணையும் பரப்பையும் கேட்டு வாங்குங்கள். பள்ளியின் சொத்துப் பதிவேட்டிலும் வரைபடத்திலும் "விளையாட்டுத் திடல்" என்று எழுதச் சொல்லி மனுக் கொடுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். இது ஒன்று.

இரண்டாவது இதைவிடச் சுலபம். தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, சாயங்காலம் போய் உட்காருங்கள். நாம் தினமும் டீக்கடையில் உட்காருகிற நேரம்தான். போட்டிக்குப் போக வேண்டாம், பயிற்சிக்குப் போங்கள். சலிப்பாகத்தான் இருக்கும். பத்து நாள் போனால் எந்தப் பிள்ளைக்கு இடது கால் சரியில்லை என்று தெரிய ஆரம்பிக்கும். அதன்பிறகு எவனாவது வந்து "சும்மாதானே கிடக்கு" என்றால், உங்களுக்கே கோபம் வரும். பத்துப் பெரியவர்கள் தினமும் உட்கார்ந்திருக்கும் இடத்தைக் காலியிடம் என்று எழுத எந்த உதவியாளருக்கும் கை கொஞ்சம் நடுங்கும். எனக்கு நடுங்கியிருக்கும்.

டீக்கடை நண்பரிடமும் இதைச் சொல்லிவிட்டேன். "வெயில் தாழ வர்றேன் சார், ஆனா அரை மணி நேரம்தான்" என்றார். திங்கட்கிழமை ஐந்து மணிக்குப் போகிறோம். நான் ஃபிளாஸ்க் எடுத்துக்கொள்கிறேன். துறையூர்க்காரர்கள் யாராவது வருவதாக இருந்தால், உட்கார ஒரு துண்டு கொண்டு வாருங்கள்.