ஏழு லட்சம் கையொப்பங்கள்

அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூடத்திலோ கடைவீதியிலோ தேவாலயத்திலோ துப்பாக்கிச் சூடு நடந்து அப்பாவிகள் மாண்டார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம், மெழுகுவர்த்தி ஊர்வலமும், அரைக்கம்பத்தில் பறக்கும் கொடியும், பிரார்த்திக்கிறோம் என்ற தலைவர்களின் அறிக்கையும், இது அரசியல் பேசும் சமயமன்று என்ற உபதேசமும் சடங்குபோல முறைதவறாமல் வந்துபோவதைக் கண்டு பழகிவிட்ட நமக்கு, ஜனங்களின் துக்கத்தால் ஒரு சட்டமும் பிறக்கப்போவதில்லை என்ற விரக்தி தோன்றுவது சகஜந்தான். ஆனால் அந்த விரக்தி சரித்திரத்துக்குப் பொருந்தாது என்பதற்கு 1996ஆம் ஆண்டு பிரிட்டனில் நடந்தது சாட்சியாக நிற்கிறது.

அவ்வாண்டு மார்ச் 13ஆம் தேதி காலையில், ஸ்காட்லாந்தின் டன்பிளேன் என்ற சிற்றூரில், ஆரம்பப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்துக்குள் நான்கு கைத்துப்பாக்கிகளோடும் 743 தோட்டாக்களோடும் நுழைந்த ஒருவன், ஐந்தாறு வயதுக் குழந்தைகள் 16 பேரையும் அவர்களுடைய ஆசிரியையையும் சில நிமிஷங்களில் சுட்டுக் கொன்றுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டு மாண்டான். அந்தத் துப்பாக்கிகளில் ஒன்றாவது கள்ளத்தனமாக வந்ததா என்றால் இல்லை. யாவும் போலீசார் வழங்கிய உரிமத்தின் பேரில் அவன் வைத்திருந்தவையே. அதைவிடக் கொடுமை, இம்மனிதனிடம் ஆயுதம் இருப்பது தகாது என்று ஒரு போலீஸ் அதிகாரி 1991ஆம் ஆண்டிலேயே எழுதி அனுப்பிய குறிப்பு, மேலதிகாரிகளால் நடவடிக்கை எதுவுமின்றிக் கட்டி வைக்கப்பட்டிருந்தது. சட்டத்தை ஒழுங்காக அமல் நடத்தினாலே போதும், புதுச் சட்டம் எதற்கு என்று கேட்பவர்கள் இந்தக் குறிப்பைத் தங்களுக்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். எனக்கோ அது எதிர்ப்பக்கத்துச் சாட்சியாகவே படுகிறது. ஏனெனில், ஒருவன் யோக்கியனா அல்லவா என்பதை ஒரு காகிதத்தைப் பார்த்து முடிவு செய்யும் ஏற்பாடு எவ்வளவு நம்பத்தகாதது என்பதைத்தானே அது காட்டுகிறது?

துக்கம் அடங்கு முன்பே அப்பகுதித் தாய்மார் சிலர் ஒரு மனுவைத் தயாரித்தார்கள். அந்தப் பருவத்தில் பூத்திருந்த ஒரே மலரான ஸ்னோடிராப்பின் பெயரைப் பெற்ற அம்மனுவின் சாரம், தனியார் கைத்துப்பாக்கி வைத்திருப்பதை அடியோடு தடை செய்யவேண்டும் என்பதே. போலீஸ் சீர்திருத்தம், மனநலம், சினிமா, ஒழுக்கக்கேடு என்று பத்து விஷயங்களை ஒருங்கே கிளறாமல் ஒன்றே கேட்டார்கள் என்பதுதான் அதன் பலம். மேசை போட்டும் தெருமுனையில் நின்றும் திரட்டிய கையொப்பங்கள் சுமார் ஏழு லட்சம்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. விசாரணை நடத்திய கல்லன் பிரபுவே பூரணத் தடையைச் சிபாரிசு செய்யவில்லை. ராணியாரின் கணவர் பிலிப், கிரிக்கெட் மட்டையால் ஒருவன் பள்ளிப் பிள்ளைகளை அடித்துக் கொன்றால் மட்டைகளையும் தடை செய்வீர்களா என்ற கருத்தில் வானொலியில் பேசி, பெரும் கண்டனத்துக்கு ஆளானார். மட்டையுடன் வந்தவனை ஒரு ஆசிரியை மடக்கிப் பிடித்திருக்கக்கூடும் என்ற சாமானிய ஞானம் அரண்மனைக்கு எட்டவில்லை போலும்! ஆயினும் ஜான் மேஜரின் சர்க்கார் 1997ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பெரும்பாலான கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. மே மாதத் தேர்தலில் வென்ற டோனி பிளேரின் சர்க்கார், மிஞ்சியிருந்த சிறுவகைத் துப்பாக்கிகளையும் அவ்வாண்டு முடிவதற்குள் அதில் சேர்த்தது. வட அயர்லாந்து மட்டும் விலக்கு. நஷ்டஈடு பெற்றுக்கொண்டு ஜனங்கள் ஒப்படைத்தவை 1,60,000க்கும் மேல். ஒரு குற்றமும் செய்யாத விளையாட்டு வீரர்கள் தங்கள் ஆயுதங்களை இழந்தார்கள் என்பதும், கைத்துப்பாக்கிப் போட்டிக்காரர்கள் பயிற்சிக்கு வெளிநாடு செல்ல நேர்ந்தது என்பதும் மறைக்கத் தக்கவையல்ல. அது நியாயமான மனக்குறை. ஆனால் குழந்தைகளின் உயிரோடு தராசில் வைக்கத் தக்க மனக்குறையன்று. தடைக்குப் பின்னும் கம்பிரியாவில் 2010ஆம் ஆண்டு உரிமம் பெற்ற வேறுவகைத் துப்பாக்கிகளால் 12 பேர் கொல்லப்பட்டார்கள். ஆயினும் டன்பிளேனுக்குப் பிறகு பிரிட்டனில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் அத்தகைய படுகொலை நிகழவில்லை.

டன்பிளேன் துயரம் நடந்த அதே 1996ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் தேதி, டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் துப்பாக்கிச் சூட்டில் 35 பேர் மாண்டபின், ஆஸ்திரேலியா பன்னிரண்டே நாட்களில் துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றித் தேசிய உடன்பாடு கண்டதையும், அதைச் செய்தவர் வலதுசாரிப் பிரதம மந்திரியான ஜான் ஹோவார்டு என்பதையும் இங்கே நினைவுகூர்ந்தால் போதும்.

அமெரிக்கர்களோ கல்நெஞ்சர்கள், பிள்ளைகளைவிடத் துப்பாக்கியை நேசிப்பவர்கள் என்று நம்மில் சிலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அது அநியாயமான தீர்ப்பு. கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் பள்ளியில் 2012 டிசம்பரில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டபின், துப்பாக்கிச் சந்தைகளிலும் இணையத்திலும் வாங்குவோரின் பின்னணியைச் சோதிக்கவேண்டும் என்ற யோசனையைப் பத்தில் ஒன்பது பேர் ஆதரிப்பதாகக் கருத்துக்கணிப்புகள் கூறின. 2013 ஏப்ரல் 17ஆம் தேதி செனட் சபையில் அதற்குக் கிடைத்த வாக்குகள் 54, எதிராக 46. வேறெந்தச் சபையிலும் அது வெற்றி. அங்கே தோல்வி, ஏனெனில் விவாதத்தை முடிப்பதற்கு 60 வேண்டும் என்பது அச்சபையின் வழக்கம். மூன்றே முக்கால் கோடிக்கும் மேற்பட்ட ஜனங்கள் வாழும் கலிபோர்னியாவுக்கும், ஆறு லட்சத்தை எட்டாத வயோமிங்குக்கும் ஆளுக்கு இரண்டு உறுப்பினர் என்பது அதன் அமைப்பு. ஆயுதம் வைத்திருப்பது பற்றிய அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தத்தைத் தனிமனித உரிமையாக 2008இல் வியாக்கியானம் செய்த உச்சநீதிமன்றம் துப்பாக்கிக்கு மேலும் ஓர் அரண். துக்கத்தில் அங்கே குறைவில்லை. துக்கம் சட்டமாவதற்குரிய பாதையில்தான் இத்தனை பூட்டுகள்.

2022 மே மாதம் டெக்ஸாஸின் யுவால்டியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் மாண்டபின், இரு கட்சியினரும் இணங்கி, 21 வயதுக்குட்பட்டோரின் பின்னணியைக் கூடுதலாகச் சோதிக்கும் ஒரு மிதமான மசோதாவை ஜூன் 23ஆம் தேதி 65 வாக்குகளால் செனட் நிறைவேற்றிற்று. அதே தினத்தில், பொதுவிடத்தில் துப்பாக்கி சுமக்க விரும்புகிறவர் தக்க காரணம் காட்டவேண்டும் என்று நூறாண்டுக்கு மேலாக நியூயார்க்கில் இருந்துவந்த விதியை உச்சநீதிமன்றம் செல்லாதென்று தள்ளிற்று.