ஒற்றை ஸ்வரம்

கச்சேரி மேடையில் அமரும் வித்வானுக்கு எதிரே ரஸிகர்கள் இருக்கிறார்கள். தலையை அசைக்கிறார்கள், "பேஷ்!" என்கிறார்கள். கிறிஸ்தவப் பேராலயத்தில் ஆர்கன் வாசிப்பவருக்கு அந்தப் பாக்கியம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. பாரிஸ் நகரத்து நோத்ர் தாம் பேராலயத்தில் அவருடைய இடம் வாயிலுக்கு மேலே, ஜனங்களின் முதுகுப்புறத்தில், உயரமான ஒரு மாடம். கீழே ஜபத்தில் இருப்பவர்கள் அவர் முகத்தைக் காண்பதில்லை. நாதம் மாத்திரம் அவர்களை வந்து அடைகிறது. அந்த மாடத்தில் 37 வருஷம் அமர்ந்திருந்தவர் லூயி வியர்ன் என்ற மகாவித்வான். 1937-ஆம் வருஷம் ஜூன் மாதம் 2-ஆம் தேதி அவர் காலமானார்.

வியர்ன் 1870-இல் பிரான்ஸ் தேசத்துப் புவாத்தியே என்னும் ஊரில் பிறந்தார். பிறவியிலேயே கண்களில் படலம். குழந்தைப் பருவத்தில் செய்த சிகிச்சையால் உருவங்களும் பெரிய எழுத்துக்களும் ஓரளவு தெரிந்தன, அவ்வளவுதான். பாரிஸில் பார்வையற்ற சிறுவர்களுக்கான தேசியக் கல்விச்சாலையில் சேர்ந்தார். விரலால் தடவிப் படிக்கும் எழுத்தை உலகுக்கு அளித்த லூயி பிரெயில், முன்னர் மாணவராகவும் ஆசிரியராகவும் இருந்த பள்ளி அது. வாலிபத்தில் வியர்ன் பெரிய காகிதத்தில், தடித்த பென்ஸிலால் ஸ்வரங்களை எழுதினார். பார்வை மேலும் மங்கவே, பிரெயில் எழுத்துக்கு மாறினார்.

அவர் கையாண்ட வாத்தியம் எத்தகையது என்பதையும் அறிய வேண்டும். ஆர்கன் என்றதும் நம் வீட்டு ஹார்மோனியம் நினைவுக்கு வரும். ஹார்மோனியத்தில் காற்று சிறு உலோக நாக்குகளை அதிரச் செய்கிறது. ஆர்கனிலோ சுண்டு விரல் அளவு முதல் மரம் போன்ற உயரம் வரை வரிசை வரிசையாகக் குழல்கள். நோத்ர் தாம் ஆர்கனைக் கவாயே-கோல் என்ற நிபுணர் 1868-இல் புதுப்பித்தபோது, கைகளுக்கு ஐந்து வரிசைக் கட்டைகளும், கால்களால் மிதிக்க ஒரு தனி வரிசையும் அமைத்தார். எந்தக் குழல் தொகுதி பேசவேண்டும், எது மௌனமாயிருக்கவேண்டும் என்று தீர்மானிக்க 86 குமிழ்கள். கண்ணுள்ளவரே திணறும் இந்த யந்திரத்தை வியர்ன் விரல் நுனியிலும் பாதத்திலும் ஞாபகத்திலும் வைத்திருந்தார். 1900-இல் நடந்த போட்டியில் தேர்ச்சி பெற்று அந்த ஸ்தானத்தை அடைந்தார்.

அதன் பிறகு வந்த துன்பங்களுக்கு அளவில்லை. 1906-இல் வீதியில் நடந்த விபத்தில் கால் மோசமாக முறிந்தது; அதை வெட்டி எடுக்க வேண்டியிருக்குமோ என்ற நிலை. கால் பிழைத்தது. ஆனால் மிதிகட்டைகளை வாசிக்கும் வித்தையை அவர் ஆரம்பத்திலிருந்து மறுபடி பயின்றார். 1909-இல் விவாகம் ரத்தாயிற்று. 1913-இல் இளைய புதல்வன் க்ஷயரோகத்தால் மாண்டான். மற்றொரு புதல்வன் 1917-இலும், தம்பி ரெனே 1918-இலும் யுத்த காலத்தில் மடிந்தார்கள். அதே வருஷங்களில் எஞ்சியிருந்த பார்வையைக் காப்பாற்ற அவர் ஸ்விட்ஸர்லாந்தில் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார்.

இவற்றைக் கேட்டதும் "ஐயோ, பாவம்!" என்று சொல்லத் தோன்றும். இரக்கம் நல்ல குணமே. ஆயினும் ஒரு கலைஞரை இரக்கத்தால் மாத்திரம் ஞாபகம் வைத்துக்கொள்வது அவருக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது. வியர்ன் தம் துயரத்தைச் சொல்லிக் கைதட்டல் வாங்கவில்லை. புதல்வனை இழந்த துக்கத்தில், பியானோவும் நான்கு தந்தி வாத்தியங்களும் சேர்ந்து இசைக்கும் ஒரு கிருதியை இயற்றினார். ஆர்கனுக்கென்று ஆறு ஸிம்பனிகள் படைத்தார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மணிக்கூண்டின் நாதத்தை வைத்து அவர் இயற்றிய உருப்படியை இன்றும் தேசம் தேசமாக வாசிக்கிறார்கள். மார்ஸெல் துய்ப்ரே, நாதியா புலாஞ்சே, மோரிஸ் துரூஃப்லே முதலிய பெயர் பெற்றவர்கள் அவரிடம் பயின்றார்கள்.

ஒரு விஷயம் மனத்தை உறுத்துகிறது. உலகப் பிரசித்தி பெற்ற அந்த ஆர்கன் அவர் காலத்தில் பெரும்பாலும் பழுதுபட்டே கிடந்தது. அதைச் செப்பனிடப் பொருள் சேர்க்கவேண்டி, உடல் நலிந்த வியர்ன் 1927-இல் அமெரிக்கா சென்று ஊர் ஊராகக் கச்சேரி செய்தார். ஒரு தேசத்தின் பெருமையைக் காக்க, பார்வையற்ற வித்வான் கடல் கடந்து போகவேண்டியிருந்தது! எந்த நாட்டாரும் இதைச் சற்றுச் சிந்திக்கலாம்.

அந்த ஜூன் 2-ஆம் தேதி மாலையில் நடந்தது அவருடைய 1750-ஆவது கச்சேரி. மறைந்துபோன ஒரு குழந்தையின் நினைவாகத் தாம் இயற்றிய உருப்படியை வாசித்து முடித்தார். அடுத்தது மனோதர்மம். நம் வித்வான்களிடம் ரஸிகர்கள் பல்லவி கொடுப்பதுபோல, பிறர் கொடுத்த ஒரு ஸ்வரக் கோவையை விரித்து வாசிக்கவேண்டும். பிரெயிலில் எழுதிய அந்தக் கோவையை விரலால் தடவிப் படித்தார். வேண்டிய குமிழ்களைத் தேர்ந்தெடுத்தார். திடீரென்று முன்னே சாய்ந்தார். அவர் பாதம் ஒரு தாழ்ந்த ஸ்வரக் கட்டையின்மேல் விழுந்தது. அந்த ஒற்றை ஸ்வரம் ஆலயம் முழுவதும் ஒலித்தது. அருகில் இருந்தவர் சிஷ்யர் துரூஃப்லே. ஆர்கனின் முன் அமர்ந்தபடியே உயிர் பிரியவேண்டும் என்று வியர்ன் பல தடவை சொல்லியதுண்டு.

2019 ஏப்ரல் 15-ஆம் தேதி நோத்ர் தாம் தீக்கிரையானபோது, ஆர்கன் நெருப்புக்குத் தப்பியது. ஈயத்தூள் படிந்த குழல்களைக் கழற்றி, சுத்தம் செய்து, மீண்டும் பொருத்தினார்கள். 2024 டிஸம்பர் 7-ஆம் தேதி ஆலயம் திறந்தபோது, விழித்தெழும்படி பேராயர் அழைக்க, ஆர்கன் பதில் சொல்லிற்று. அன்று மாடத்தில் வாசித்தவர்களின் முகத்தையும் கீழே இருந்த ஜனங்கள் பார்க்கவில்லை. வியர்ன் அமர்ந்த இடம் இன்னும் வேலை செய்கிறது. அவருக்கு வேறு ஞாபகச் சின்னம் அவசியமில்லை.