காவல் நாய்க்குக் காது வேண்டாமா?

மாணவர்களே, சுரண்டைப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் காவலுக்கு எந்த நாய் நல்லது என்று கேட்டுப் பாருங்கள். பலர் இராஜபாளையம் நாயைச் சொல்வார்கள். உயரமான உடல், குட்டை மயிர், வளர்த்தவரிடம் மட்டும் ஒட்டுதல், அயலாரைக் கண்டால் ஐயம். காட்டுப்பன்றி வேட்டைக்குப் பழக்கப்பட்ட இனம் இது. மலையிலிருந்து பன்றி இறங்கும் நம் வட்டாரத்திற்குப் பொருத்தமானதே. 2005-இல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது இதுவும் அவற்றுள் ஒன்று.

நாயிடம் எனக்குக் குறை இல்லை; குட்டி வாங்குகிறவர்களிடம்தான். பால் போல வெள்ளையா, மூக்கு ரோஜா நிறமா என்று பார்த்து விலையை முடித்துவிடுகிறார்கள். காது கேட்குமா என்று பார்ப்பவர் அரிது. இந்த இனத்தில் பிறவியிலேயே செவிடான குட்டிகள் உண்டு என்பதோ தெரிந்த செய்தி.

நிறத்துக்கும் காதுக்கும் என்ன தொடர்பு? தோலுக்கு நிறம் தரும் நிறமிச் செல்கள் உட்செவியிலும் இருக்கின்றன. அங்கே அவை அழகுக்காக இல்லை. உட்செவித் திரவத்தில் பொட்டாசியம் அயனிகளைச் சேர்த்து, சுமார் 80 மில்லிவோல்ட் மின்னழுத்தத்தை நிலைநிறுத்த உதவுகின்றன. ஒரு சிறு மின்கலம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! ஒலி அதிர்வை மின்துடிப்பாக மாற்றும் நுண்மயிர்ச் செல்கள் அதை நம்பியே இயங்குகின்றன. கரு வளரும்போது நிறமிச் செல்கள் முதுகுப்புறத்திலிருந்து உடலெங்கும் பரவுகின்றன. மூக்கு வரை போய்ச் சேராதவை உட்செவிக்கும் போய்ச் சேராமல் போகலாம். அப்படியானால் பிறந்த சில வாரங்களிலேயே நுண்மயிர்ச் செல்கள் அழிந்துவிடும், மீண்டும் தோன்றா. நீலக் கண்ணுள்ள வெள்ளைப் பூனைகள் பெரும்பாலும் செவிடு என்று டார்வினே குறிப்பிட்டிருக்கிறார்.

இரு காதும் கேளாத குட்டி எப்படியும் தெரிந்துவிடும். ஒரு காது மட்டும் கேளாததுதான் நம்மை ஏமாற்றும். கூப்பிட்டால் வரும், குரைக்கும். ஆனால் திசை தெரியாது. நாயின் இரு காதுகளுக்கும் இடையே 12 செ.மீ. என்று கொள்வோம். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி மறு காதை எட்ட ஏறத்தாழ 0.35 மில்லிநொடி பிந்தும். இந்த நுண்ணிய வேறுபாட்டையும், இரு காதுகளிலும் விழும் ஒலியின் வலிமை வேறுபாட்டையும் வைத்தே மூளை திசையைக் கணிக்கிறது. ஒற்றைக் காதை வைத்து இந்தக் கணக்கைப் போட முடியாது. கிணற்றடியில் திருடன் மோட்டாரைக் கழற்றினால் நாய் வாழைப் பக்கம் ஓடும்! அந்த நாயையே இனப்பெருக்கத்துக்கு விட்டால் குறை அடுத்த ஈற்றுக்கும் போகிறது.

ஆகவே வெள்ளை நிறத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பதை நாம் நிறுத்த வேண்டும் என்பேன். மேனியில் பழுப்புத் திட்டு இருக்கிறதென்று ஒரு குட்டியை ஒதுக்காதீர்கள். ஆறு வாரம் ஆன குட்டி உறங்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரையைத் தட்டக் கூடாது. அதிர்வை உடலால் உணர்ந்துவிடும். விழித்துக்கொண்டு, ஒலி வந்த பக்கமே திரும்புகிறதா என்று இரு புறமும் பலமுறை பாருங்கள். ஐயம் இருந்தால் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். ஒவ்வொரு காதிலும் தனித்தனியே ஒலி கொடுத்து, நரம்பிலும் மூளையிலும் எழும் மின்துடிப்பை வரைபடமாக எடுக்கும் சோதனை உண்டு. கேளாத காதுக்கு அதில் வெறும் தட்டைக் கோடுதான் வரும்.