தெரிந்த தொழிலுக்குச் சான்றிதழ் எடுப்போம்

சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் லயத்துக்கு லயம் ஒரே கேள்விதான்: "பிள்ளையை இனி என்ன செய்வது?" ஆண்பிள்ளைக்குக் கொழும்புக் கடை, பெண்பிள்ளைக்கு ஆடைத் தொழிற்சாலை என்று முடிவாகிவிடுகிறது. நமது தோட்டத்திலேயே இருக்கும் ஒரு நல்ல தொழில் நினைவுக்கு வருவதில்லை. தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரங்களைப் பராமரிக்கும் பிட்டர் வேலைதான் அது.

கொய்த கொழுந்து காத்திருக்காது. வாட்டும் தொட்டியின் விசிறி நின்றால் கொழுந்து சூடேறிக் கெடும். ரோலரோ ட்ரையரோ நின்றால் அன்றைய தேயிலையின் தரமே விழும். உடைந்ததைத் திருத்துபவர் மட்டுமல்ல பிட்டர். பேரிங்கின் சத்தம் மாறுவதைக் கேட்டு, பெல்ட் தளர்வதைக் கண்டு, உரிய நாளில் கிரீஸ் போட்டு, உடையுமுன் தடுப்பவர் அவர். இயந்திரத்தில் கை வைக்குமுன் மின்சாரத்தை நிறுத்தி, வேறெவரும் போடாதபடி சுவிட்சைப் பூட்டுவது இத்தொழிலின் முதற் பாடம்.

மோட்டாரும் கியர் பெட்டியும் பேரிங்கும் ஆடைத் தொழிற்சாலையிலும் உண்டு, நீர்மின் நிலையத்திலும் உண்டு. இங்கு கற்றவர் அங்கும் வேலை கேட்கலாம். ஆனால் அங்கே முதலில் கேட்பது சான்றிதழைத்தான். மூத்தவர்களிடம் பார்த்துப் பழகி, 15, 20 வருடம் இயந்திரத்தோடு வாழ்ந்த நம் சகோதரர்கள் பலரிடம் அது இல்லை.

அதற்கு வழி உண்டு. தேசிய தொழில் தகைமையில் 1 முதல் 7 வரை மட்டங்கள் உள்ளன. 4ஆம் மட்டம் வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். அனுபவசாலிகள் மீண்டும் வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில், செய்யும் வேலையைக் காட்டி மதிப்பீட்டுக்குத் தோற்றலாம். இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள் உண்டு. வேலைத்தளத்திலேயே பழகும் பயிலுநர் பயிற்சியும் உண்டு.

நிர்வாகங்களிடம் நாம் கேட்பது நான்கு: சேவைக் கடிதம், மதிப்பீட்டு நாளுக்குச் சம்பளத்துடன் லீவு, தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பயிலுநர் இடம், சான்றிதழுக்கு ஏற்ற சம்பளம். மதிப்பீடு தமிழில் நடக்க வேண்டுமென்று அதிகாரிகளிடமும் வலியுறுத்துவோம்.

பெற்றோரே, கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் பிள்ளைகள் கைவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்பிள்ளை ஸ்பேனர் பிடிக்க விரும்பினால் தடுக்காதீர்கள். தோட்டத் தலைவர்களே, தொழிற்சாலையில் சான்றிதழின்றி வேலை செய்யும் ஒவ்வொருவரின் பெயரையும் அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு எழுதிக் கொண்டுவாருங்கள். அந்தப் பட்டியலோடுதான் நாம் நிர்வாகத்தின் முன் உட்கார வேண்டும்.