நட்சத்திரம் வழங்கும் நாட்டாண்மைகளே!



'வாடிக்கையாளரே அரசர்' என்னும் வாசகத்தைக் கடைகளில் பலகையாக எழுதித் தொங்கவிட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதனை மறுத்துரைக்கவே இன்று எழுதுகிறேன். வாடிக்கையாளர் அரசர் அல்லர். அவர் ஒரு சாட்சி. இணைய விற்பனைத் தளத்தில் அவர் இடுகின்ற ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு சாட்சியம். சாட்சி சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. பொய்ச்சாட்சி சொல்ல எவருக்கும் உரிமை இல்லை!

என் தங்கை வீட்டிலிருந்தபடியே இணையத்தில் சேலை விற்பவள். வாடிக்கையாளர் ஒருவர் 180 ரிங்கிட்டுக்கு ஒரு பட்டுச்சேலை வாங்கினார். எட்டு நாள் கழித்து, 'நிறம் படத்தில் உள்ளதுபோல் இல்லை' என்று திருப்பியனுப்பினார். பொட்டலத்தைப் பிரித்தால், முந்தானையில் மஞ்சள் கறை; மடிப்புகளில் சந்தன மணம். சேலை ஒரு திருமணத்திற்குப் போய் வந்திருக்கிறது! தங்கை அதனைச் சுட்டிக்காட்டியதும் வந்த மறுமொழி என்ன தெரியுமா? 'முழுப்பணமும் வராவிட்டால் ஒரு நட்சத்திரம்தான் வரும்.' அஞ்சிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். ஒரு நட்சத்திரம் அப்போதும் வந்தது. கூடவே, 'ஏமாற்றுக்காரி' என்னும் பட்டமும் வந்தது.

இதனைக் கண்டு கொதித்து, தங்கையின் பெயரில் மறுமொழி எழுதியவன் நான்தான். அந்த அம்மையாரை ஏளனம் செய்து, எதுகை மோனையோடு எழுதினேன். இருபது ஆண்டுகளாக மாணவர்க்குக் கட்டுரை கற்பிப்பவன் அல்லவா? ஒரு வாரம் கழித்துப் புதிய வாடிக்கையாளர் ஒருவர் கேட்டார்: "நாளை நான் ஒரு குறை சொன்னால் என்னைப் பற்றியும் இப்படித்தான் எழுதுவீர்களா?" என்னிடம் விடையில்லை. அவர் வாங்கவும் இல்லை. அந்த மறுமொழியைத் திருத்த அத்தளத்தில் வழியில்லை. இன்றும் அது அங்கேயே நிற்கிறது. பொய்யான அந்த ஒற்றை நட்சத்திரத்தைவிட என் எழுத்துத்தான் தங்கையின் கடைக்கு அதிகத் தீங்கு செய்தது என்று எண்ணுகிறேன்.

ஆகவே குற்றம் ஒரு பக்கம் மட்டும் இல்லை. இதன் வரலாறும் அதையே சொல்கிறது. 1995-இல் ஈபே தளத்தைத் தொடங்கிய பியர் ஓமிடியார், முன்பின் அறியாதவர்கள் ஒருவரையொருவர் நம்புவதற்காக 1996-இல் மதிப்பீட்டு முறையைக் கொண்டுவந்தார். அதில் வாங்குபவர் விற்பவரை மதிப்பிடலாம்; விற்பவரும் வாங்குபவரை மதிப்பிடலாம். ஆனால், விற்பனையாளர் பலர் அதனைப் பழிவாங்கும் கருவியாக்கினர். 'எனக்குக் குறை எழுதினால் உனக்கும் எழுதுவேன்' என்றனர். அஞ்சிய வாங்குநர் உண்மையைச் சொல்லாமல் வாய்மூடினர். விளைவாக, 2008 மே மாதத்திலிருந்து வாங்குநருக்கு விற்பனையாளர் எதிர்மறை மதிப்பீடு வழங்கும் உரிமையை ஈபே எடுத்துவிட்டது. மாற்றம் அறிவிக்கப்பட்டபோதே விற்பனையாளர்கள் பலர் புறக்கணிப்புப் போராட்டம் நடத்தியும் பயனில்லை.

நோய் உண்மைதான். மருந்து சரியா? ஒருவன் வாயைத் திறக்க வேண்டும் என்பதற்காக மற்றவன் வாயைத் தைப்பது நடுநிலை ஆகுமா? வேறு வழி இல்லாமலும் இல்லை. ஏர்பிஎன்பி தளம் 2014-இல் ஒரு முறையைக் கொண்டுவந்தது. விருந்தினரும் வீட்டுக்காரரும் தனித்தனியே மதிப்பீடு எழுதுவர். இருவரும் எழுதி முடித்த பின்னரோ, 14 நாள் கெடு முடிந்த பின்னரோதான் அவை வெளியாகும். எதிராளி எழுதியதைப் பார்த்துப் பழிவாங்க இயலாது. பொருள் விற்கும் தளங்களும் இதனை ஏற்றால் என்ன?

'விற்பவர் வலியவர், வாங்குபவர் எளியவர்' என்பர் சிலர். பெருநிறுவனங்களின் முன் அது மெய்யே. அதனால்தான் நம் நாட்டில் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பயனீட்டாளர் வெறும் 5 ரிங்கிட் கட்டணத்தில் நடுவர் மன்றத்தை நாடலாம். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். இச்சட்டத்தை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால், அம்மன்றத்தில் வழக்குத் தொடுக்கும் உரிமை பயனீட்டாளருக்கு மட்டுமே உண்டு. வீட்டுக் கூடத்தில் சேலை மடிக்கும் ஒரு பெண், கறைபட்ட சேலைக்காக எங்கே போவாள்? அவதூறு வழக்குத் தொடுக்கலாம் என்பீர்கள். 180 ரிங்கிட் சேலைக்கு வழக்கறிஞரா?

ஆசிரியராக ஒன்று சொல்கிறேன். தொடக்கப்பள்ளியில் மாணவரின் அடைவுநிலையை 1 முதல் 6 வரை பதிவு செய்கிறோம். ஒரு பிள்ளைக்கு 1 என்று போட்டால், தலைமையாசிரியர் கேட்பார், பெற்றோர் கேட்பார். பயிற்சித்தாளைச் சான்றாகக் காட்டியாக வேண்டும். பத்து வயதுப் பிள்ளையின் மதிப்பீட்டுக்கே இவ்வளவு பொறுப்பு! ஒரு குடும்பத்தின் வருமானத்தைக் குறைக்கும் நட்சத்திரத்திற்கு ஒரு படம், ஒரு காரணம், ஒரு வரி விளக்கம் கூட வேண்டாமா?

விற்பனையாளர்களே, உங்களுக்கும் சொல்வேன்.

முதலாவது, பொட்டலம் கட்டும்போதும் திரும்பி வந்ததைப் பிரிக்கும்போதும் காணொளி எடுத்து வையுங்கள். தளத்தின் உரையாடற் பெட்டியிலேயே பேசுங்கள். தொலைபேசியில் பேசியதைத் தளத்திடம் சான்றாகக் காட்டுவது கடினம்.

இரண்டாவது, மறுமொழியை மூன்று வரியில் முடியுங்கள். 'சேலை எட்டு நாள் கழித்துக் கறையுடன் வந்தது. பணம் முழுவதும் திருப்பித் தரப்பட்டது. அனுப்பும்முன் எடுத்த காணொளி எங்களிடம் உள்ளது.' இவ்வளவே போதும். அது குறை எழுதியவருக்கான விடை அன்று. நாளை படிக்கப்போகும் நூறு பேருக்கான விடை.

மூன்றாவது, ஐந்து நட்சத்திரத்துக்காக அன்பளிப்புக் கொடுக்காதீர்கள்; கெஞ்சாதீர்கள். மிரட்டலுக்குப் பணம் கொடுக்காதீர்கள். மிரட்டிய செய்தியைத் தளத்திடம் முறையிடுங்கள். விலை கொடுத்து வாங்கிய புகழும் பொய்ச்சாட்சியமே!

நான்காவது, வாங்கியவரின் பெயரையும் முகவரியையும் முகநூலில் போட்டு அவமானப்படுத்தாதீர்கள். அவை வணிகத்திற்காக நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவை. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் நினைவிற்கொள்க.

வாங்குபவர்களே, நிறைவில் உங்களிடம் ஒரு வேண்டுகோள். குறை இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். நேர்மையான குறை நல்ல வணிகரை வளர்க்கும். ஆனால், முதலில் விற்றவரிடம் கேளுங்கள், பின்னர் எழுதுங்கள். அஞ்சல்காரர் தாமதித்ததற்குச் சேலையைத் தண்டிக்காதீர்கள். குறை தீர்ந்த பின்னர், போட்ட நட்சத்திரத்தையும் திருத்துங்கள்.

வணிகர்க்குரிய குறளை வள்ளுவர் எந்த அதிகாரத்தில் வைத்தார் தெரியுமா? பொருள் சேர்க்கும் வழியைப் பேசும் அதிகாரத்தில் அன்று. 'நடுவு நிலைமை' அதிகாரத்தில்! துலாக்கோலுக்குத் தட்டு இரண்டு. ஒரு தட்டை அறுத்துவிட்டு எதை நிறுக்கப் போகிறோம்?

சிந்திப்போம் அன்பர்களே!