அம்பாசடரும் பழைய சோறும்

எனக்குக் கார் பைத்தியம் உண்டு. "பி.காம். படிக்கிற பயலுக்குக் காரைப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். இன்ஜினைப் பற்றி அரைகுறையாகத்தான் தெரியும். ஆனால் தேய்மானம் என்றால் என்ன என்று எங்களுக்கு முதல் வருஷமே சொல்லிக் கொடுத்து விடுகிறார்கள். பழைய கார் பற்றிப் பேச அது போதுமுங்க!

பழைய கார் மேல் இருக்கிற ஆசையை எப்படிப் புரிய வைப்பது? பழைய சோறு சாப்பிடுகிறவர்களுக்குச் சுலபமாகப் புரியும். ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த சோறு, கொஞ்சம் மோர், கடித்துக்கொள்ள சின்ன வெங்காயம். மதுரையில் பரோட்டா சால்னா இருக்கிறது, கறி தோசை இருக்கிறது, ஜிகர்தண்டா இருக்கிறது. எல்லாம் அருமைதான். ஆனால் பங்குனி வெயிலில் வயிறு கேட்பது பழைய சோறுதான். அதில் ஆச்சரியம் எதுவும் கிடையாது, என்ன வரும் என்று முன்கூட்டியே தெரியும். அந்த நிம்மதிதான் ருசி.

அம்பாசடரும் அப்படித்தான். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைப் பார்த்து 1950களின் கடைசியில் வந்த வண்டி, 2014ல் உத்தர்பாரா தொழிற்சாலை நிற்கும் வரை ஏறக்குறைய அதே உருவத்தில் ஓடியது. சோபா மாதிரி சீட், பின்னால் பட்டை ஸ்ப்ரிங், ஒரு குடும்பத்தையே அள்ளிப் போட்டுக்கொள்ளும் இடம். பழைய பெட்ரோல் வண்டியில் கார்புரேட்டர் ஜெட் அடைத்தால் கழற்றி வாயால் ஊதி மாட்டிவிடுவார்கள். பானெட்டைத் திறந்தால் எது எங்கே இருக்கிறது என்று நமக்கே தெரியும். இன்றைய காரில் மஞ்சள் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் வைத்திருப்பவரைத் தேடிப் போக வேண்டும்.

அதற்காகப் புதுக் காரைத் திட்டப் போவதில்லை. நான்குவழிச் சாலையில் குடும்பத்தோடு சென்னைக்குப் போவதென்றால் என் ஓட்டு புதுக் காருக்குத்தான். 2014ல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சின்னக் கார்களை மோதிப் பார்த்தபோது, பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துக்குமே பூஜ்ஜியம் ஸ்டார். 2018ல் டாடா நெக்ஸான் ஐந்து ஸ்டார் வாங்கியது. 2019ல் ஏபிஎஸ்ஸும் ஓட்டுநருக்கு ஏர்பேக்கும் கட்டாயமாகின. இந்த முன்னேற்றத்தால் உயிர் பிழைக்கிறது. பாசத்துக்காக அதை மறுக்க முடியாது.

அப்புறம் என்னதான் பிரச்சினை என்கிறீர்களா? வருகிறேன்.

2021ல் மத்திய அரசு பழங்கால வண்டிகளுக்கு ஒரு விதி கொண்டுவந்தது. 50 வயதைத் தாண்டி, பெரிய மாற்றம் செய்யாத வண்டி என்றால் 'விண்டேஜ்' என்ற கௌரவம், தனி நம்பர் பிளேட். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் போகலாம், தினசரி ஓட்டக் கூடாது. சந்தோஷம். இன்னொரு பக்கம், 15 வயதான காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5000 ரூபாயாக 2022 ஏப்ரலில் ஏறியது. 20 வயதைத் தாண்டினால் 10,000 என்று 2025ல் ஆனது.

15க்கும் 50க்கும் நடுவில் 35 வருஷம். அந்த 35 வருஷமும் வண்டிக்குப் பேர் 'ஓட்டை'. கடைசியாக வந்த அம்பாசடருக்கு 2029ல் 15 வயது ஆகும், 2064ல்தான் விண்டேஜ் ஆகும். அதுவரை அதைக் காப்பாற்றப் போவது யார்? நாலு கார் வைத்திருக்கும் பணக்காரர் காப்பாற்றுவார். ஒரே வண்டியை அப்பா காலத்திலிருந்து துடைத்து வைத்திருப்பவர் காயலான் கடைக்குத் தள்ளிவிடுவார். அந்த வண்டியை நம்பிப் பிழைக்கும் மெக்கானிக்கின் கைத்தொழிலும் கூடவே போய்விடும்.

வேடிக்கை என்னவென்றால், அம்பாசடர் என்ற பெயரை மட்டும் 2017ல் பிரான்ஸின் பெஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. எங்கள் பாடத்தில் இதற்கு 'நற்பெயர்' என்று பேர். பெயருக்கு 80 கோடி மதிப்பு, வண்டிக்கு மதிப்பு பூஜ்ஜியம்! பழைய சோறும் அப்படித்தான். பெரிய ஹோட்டலில் மண்சட்டியில் வந்தால் பாரம்பரியம், வீட்டுத் திண்ணையில் சாப்பிட்டால் ஏழ்மை.

புகை கக்கும் வண்டியையும் பிரேக் பிடிக்காத வண்டியையும் தயங்காமல் நிறுத்துங்கள். நான் கேட்பது ஒன்றுதான். ஜெர்மனியில் 30 வயதான, நன்றாகப் பராமரித்த காருக்கு 'எச்' என்ற எழுத்தோடு நம்பர் பிளேட் கொடுத்து, ஒரே அளவான வரி வாங்கிக்கொண்டு, சாலையில் ஓட விடுகிறார்கள். நம் ஊரிலும் 50ஐ 30 ஆக்கலாம். சோதனையில் தேறிய வண்டிக்கு வயதுக்காக மட்டும் கட்டணத்தை ஏற்றாமல் இருக்கலாம்.

இதற்கு ஜெர்மனி வரை கூடப் போக வேண்டாம். நான் இருக்கும் மாட்டுத்தாவணிக்கு, 1999ல் பஸ் ஸ்டாண்ட் வருவதற்கு முன்பே அந்தப் பேர் உண்டு. தாவணி என்றால் மாட்டுச் சந்தை. சந்தையில் மாட்டின் பல்லைப் பார்த்து வயதைத் தெரிந்துகொள்வார்கள், ஆனால் அதோடு விட மாட்டார்கள். நடக்க விட்டும் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். காருக்கும் அந்த நியாயம் போதும்.